ஏழு வாசல் அரிசியும் ஒரு மலையாட்டுக் கல்லும்

முழங்கால் தேய்ந்து நான் வேலையை விட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் வைகாசி பிறந்து, காலை நாலரைக்கே டென்மார்க்கின் ஓகூஸ் நகரம் வெளிச்சமாகிவிடும் நாட்களில் எனக்குக் கட்டிலில் இருப்புக் கொள்வதில்லை. முதல் பேருந்தைப் பிடிக்க ஓடவேண்டும் போல இருக்கும். எழும்பிக் காலுக்குச் சப்பாத்தைத் தேடுவேன். என் கணவர் போர்வைக்குள் கிடந்தபடியே கேட்பார்:

"எங்கை வெளிக்கிடுறீர்? இப்ப அங்கை உமக்கு ஆர் சம்பளம் வைச்சுக்கொண்டு நிக்கினம்?"

மனுசனுக்கு என்ன தெரியும்? நான் தேடுவது சம்பளத்தை இல்லை, அந்த விடியற்காலைகளை.

நான் துப்புரவு வேலை செய்தது ஒரு நூதனசாலையில். பார்வையாளர் வரப் பத்து மணியாகும். அதற்குள் மூன்று தளத்தையும் துடைத்து முடிக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேர். மற்றவள் டெனிஷ்காரி, என் வயதுதான், பண்ணையொன்றில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்குக் கதை குறைவு, கை வேகம். எனக்குக் கையும் வேகம், வாய் அதைவிட வேகம். எட்டு மணிக்குப் பின்வாசல் படியில் குந்துவோம். அவள் வெண்ணெய் பூசின ரொட்டி கொண்டுவருவாள். நான் போத்தலில் பால் விடாமல் இஞ்சி போட்ட பிளேன்ரீ கொண்டுபோவேன். முதல் வருடம் அதைக் குடித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வர இருமினாள். இரண்டாம் வருடம் இஞ்சி காணாது என்று முறைப்பாடு சொன்னாள். இப்போது அவள் தன் ஊரோடு போய்விட்டாள். நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, ஓர் அட்டை வரும், அதிலும் இரண்டு வரிதான் இருக்கும்.

எங்கள் நாட்டில் சண்டை முடிந்த அந்த வருடத்தின் தொடக்கத்தில்தான் கீழ்த்தளத்துக்கு அந்தக் கல் வந்தது. ஏமன் தேசத்துப் பழைய பொருட்களை எங்கிருந்தோ இரவல் வாங்கி ஒரு கண்காட்சி வைத்தார்கள். பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. வெண்கலக் கை ஒன்று, வாசனைப் புகை போடும் கிண்ணங்கள், மூக்கு நீண்ட கல்முகங்கள். அவற்றையெல்லாம் கண்ணாடிக்குள் வைத்தார்கள். இந்தக் கல் மட்டும் பெரிதாக இருந்ததால் ஒரு மேடையில் வெளியே நின்றது. பால் வெள்ளையும் இல்லாத மஞ்சளும் இல்லாத நிறம். மேலே வரிசையாக ஐந்து மலையாட்டுத் தலைகள். கொம்புகள் பின்னுக்கு வளைந்து, கணுக்கணுவாக வெட்டியிருந்தன. ஐந்துக்கும் தாடி. ஐந்தும் நேரே ஆளைப் பார்க்கும். அதற்குக் கீழே நாலு வரி எழுத்து. நேர்கோடும் வட்டமும் ஏணியும் கதவும் போல, ஒன்றோடொன்று முட்டாமல் பிசகாமல் வெட்டின எழுத்து. இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்டது என்றார்கள். அந்தக் கொத்தனின் கைக்கு நான் அன்றே மரியாதை வைத்தேன். ஒரு சுவரை நேராகத் துடைக்கவே எனக்கு எத்தனை வருடம் பிடித்தது!

கல்லைச் சுற்றித் தரையில் ஒரு வெள்ளைப் பட்டி ஒட்டியிருந்தார்கள். அந்தப் பட்டிக்குள் தண்ணீர் வாளி போகக்கூடாது, தடி போட்ட துடைப்பமும் போகக்கூடாது. காய்ந்த துணியால், கையால், முழங்காலில் நின்றுதான் துடைக்கவேண்டும் என்று கட்டளை. என் கூட்டாளிக்கு அப்போதே இடுப்புவலி. ஆகவே அந்த மூலை எனக்கு வந்தது. ஒவ்வொரு நாளும் காலையில் ஐந்து ஆடுகளுக்கு முன்னால் நான் முழங்காலில் நின்றேன். பக்தியால் இல்லை, வேலை விதி.

என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒரே தம்பி. பத்து வயது இளையவன். அவனை இடுப்பில் தூக்கிக் காவிக் காவி என் இடுப்பே ஒரு பக்கம் சரிந்துவிட்டது என்று அம்மா சொல்லுவார். நான் டென்மார்க்குக்கு வந்தபிறகு என்னிடம் இருந்ததெல்லாம் ஒரே எண்ணம்: அவனையும் இங்கே எடுப்பிக்க வேண்டும். வைலே நகரத்தில் ஒரு நல்ல இடத்துத் தமிழ்ப் பிள்ளை, பிரசாவுரிமை உள்ளவள். பேசி, சாதகம் பார்த்து, எல்லாருக்கும் சொல்லி, பலகாரமும் சுட்டாயிற்று. அப்போது வன்னியிலிருந்து தம்பி ஐயா தொலைபேசி எடுக்கிறார்.

"அக்கா, எனக்கு இஞ்ச ஒரு பிள்ளையில விருப்பம். குறை நினைக்காதேங்கோ."

குறை நினைக்காமல்? எனக்கு உச்சி கொதித்தது. பாலர் பள்ளியில் படிப்பிக்கிற ஒரு பெட்டையாம். ஒரு மாதத்துக்குள் தாலியும் கட்டிவிட்டான். வைலே ஆட்களின் முகத்தில் நான் எப்படி முழிப்பது? அன்றைக்குப் போனை வைத்தவள்தான். அவன் எடுத்தால் என் கணவர் கதைப்பார். நான் குசினியில் சட்டி பானையைச் சத்தமாகக் கழுவுவேன். பெண் பிள்ளை பிறந்தது என்று கடிதமும் படமும் வந்தது. படத்தை உறையிலிருந்து பாதி எடுத்துப் பார்த்துவிட்டு மேசை லாச்சிக்குள் போட்டேன். அந்தப் பெட்டை பிடித்து வைத்திராவிட்டால் அவன் இன்றைக்கு இங்கே என் மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான். இதுதான் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்த கதை. இப்படி வருடங்கள் போயின.

பிறகு சண்டை கிட்டக் கிட்ட வந்தது. தம்பி குடும்பம் இடம்பெயர்ந்தது, மறுபடி இடம்பெயர்ந்தது, மறுபடியும். மாசி மாதத்தோடு தொலைபேசியும் நின்றுபோனது. என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, பயம் மட்டும் மிஞ்சியது. தம்பி உயிரோடு இருக்கிறானா இல்லையா? எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பிள்ளையாருக்கு நேர்ந்தேன். முருகனுக்கு நேர்ந்தேன். எங்கள் ஊர்க் கண்ணகை அம்மனுக்கு நேர்ந்தேன். மாதாவுக்கும் மெழுகுதிரி கொளுத்தினேன். ஒருத்தரும் மூச்சுக் காட்டவில்லை. பங்குனி முடிவில் சாமிப்படங்களையெல்லாம் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். கோதாரி விழுந்த கோபம், என்ன செய்வது.

அந்தக் கிழமைதான் கல்லுக்குப் பக்கத்தில் இருந்த விளக்கப் பலகையை முழுதாக வாசித்தேன். அத்தனை நாளும் அதைத் தூசி தட்டினேன், வாசிக்கவில்லை. வாசித்ததும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கூட்டாளியைக் கூப்பிட்டேன்.

"இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு. நான் விளங்கினது சரியோ எண்டு பாப்பம்."

அவள் கண்ணாடியைப் போட்டு வாசித்தாள். நான் விளங்கியது சரிதான். அந்தக் கல் ஒரு நேர்த்திக்கடன். சண்டைக்குப் போன சகோதரனை உயிரோடு திருப்பித் தந்தால் கல் வெட்டி வைப்பேன் என்று ஒருவன் தன் கடவுளிடம் நேர்ந்திருக்கிறான். சகோதரன் வந்துவிட்டான். சொன்னபடி வைத்துவிட்டான். அதைத்தான் அந்த நாலு வரியிலும் வெட்டியிருக்கிறான்.

"அப்ப அந்தக் கடவுள் செய்திருக்கிறார்?" என்று கேட்டேன்.

அவள் தோளைக் குலுக்கினாள். "அப்படித்தான் எழுதியிருக்கு."

எழுதியிருக்கு! எனக்கு அதுதான் விசேஷம். எங்கள் சாமிகள் எத்தனை பேருக்கு என்ன செய்தார்கள் என்பது வாய்க்கதை. இந்தக் கடவுள் வேலையைச் செய்து முடித்து, எழுத்திலும் இருக்கிறார். அவருடைய பெயர் என் வாயில் நுழையவில்லை. அதனால் என்ன? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். அவள் மேல்தளத்துக்குப் போன பிறகு, துணியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கூப்பினேன். தம்பியின் முழுப்பெயர் சொன்னேன். ஊரும் நட்சத்திரமும் சொன்னேன், பிழையான ஆளைக் கொண்டுவந்துவிடக் கூடாதே. "என்ர தம்பியை உயிரோட தா. ஏழு வாசலில மடிப்பிச்சை எடுத்துப் பொங்கி, உன்ர முன்னால கொண்டுவந்து வைப்பன்." ஐந்து ஆடுகளும் கேட்டுக்கொண்டு நின்றன.

மடிப்பிச்சை என்றால் வீடு வீடாகப் போய்ச் சேலைத் தலைப்பை ஏந்தி அரிசி வாங்குவது. வீட்டில் மூட்டை மூட்டையாக அரிசி இருந்தாலும் பிச்சை எடுத்த அரிசியில்தான் பொங்க வேண்டும். ஆளின் தலைக்கனத்தை இறக்கத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். யாரிடமும் ஒரு தீப்பெட்டிகூட இரவல் கேட்காத எனக்கு அதைவிடப் பெரிய நேர்த்தி கிடையாது.

வீட்டில் சொன்னபோது கணவர் சிரித்தார். "உமக்கென்ன விசரே? ஏமன்காரக் கடவுளுக்கு உம்மட தமிழ் விளங்குமே?"

"எங்கட கடவுளுக்கு விளங்கி என்னத்தைக் கிழிச்சவை?" என்றேன்.

வைகாசியில் சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். அந்த நாட்களை நான் எழுதப்போவதில்லை, எழுதவும் வராது. எங்கள் ஆட்கள் எல்லாரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து குழறி அழுதார்கள். நான் மறுநாளும் வேலைக்குப் போனேன், வீட்டில் இருந்தால் செத்துவிடுவேன் என்று தோன்றியது. டெனிஷ் வானொலியில் அரை நிமிடம் சொன்னதை என் கூட்டாளி கேட்டிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டாம் தளம் என்னுடையது. நான் வாளியோடு ஏறிப் போனபோது அது துடைத்து ஈரமாக இருந்தது. ஒரு மணி நேரம் முந்தி வந்து என் தளத்தையும் துடைத்திருந்தாள். இப்படியும் ஓர் ஆறுதல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன். இன்றைக்கும் யாருடைய செத்தவீட்டுக்குப் போனாலும் நான் வாயைத் திறப்பதில்லை, நேரே குசினிக்குப் போய்க் கோப்பை கழுவுகிறேன்.

ஆடி மாதம் கொழும்பிலிருந்து கணவரின் மச்சான் எடுத்தார். போனை நான்தான் தூக்கினேன்.

"தம்பி இருக்கிறான். வவுனியாப் பக்கத்து முகாம் ஒண்டில. பேர் லிஸ்டில கண்டது, பிறகு ஆளையும் ஒருத்தர் கண்டிருக்கிறார்."

சிரித்தேனா அழுதேனா என்று இப்போதும் தெரியாது. கணவர் ஓடிவந்து, "என்ன, என்ன?" என்றார்.

"தம்பி இருக்கிறான்! உயிரோட இருக்கிறான்!"

"பெண்சாதி, பிள்ளை?"

"அவையும் இருப்பினம் தானே. அவன் இருந்தா அவையும் இருப்பினம்." சொல்லிவிட்டு நான் சாமிப்படங்களை எல்லாம் இந்தப் பக்கம் திருப்பினேன். கோபம் ஆறிவிட்டது. ஆனால் நேர்த்தி யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. செய்தவருக்குத்தான் கொடுக்க வேண்டும். கண்காட்சியும் ஆவணியோடு முடிகிறது, கல் போய்விடும்.

சனிக்கிழமை தலைமுழுகி, பருத்திச் சேலை கட்டி, காலைக் குளிருக்கு மேலே கம்பளிச் சட்டையும் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். தமிழ் வீடுகளுக்குப் போவதில்லை என்று முடிவு. போனால் ஏன், எதற்கு, எந்தக் கோயிலுக்கு என்று ஆயிரம் கேள்வி வரும். ஏமன் தேசத்து ஆடு என்று சொன்னால் கதை அன்றைக்கே விபோர்க் நகரம் வரை போய்விடும்.

முதல் வாசல் என் கூட்டாளியுடையது. சேலைத் தலைப்பை ஏந்திக்கொண்டு நின்றவளை அவள் மேலும் கீழும் பார்த்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"எங்கள் நாட்டில் பிச்சை எடுப்பது சட்டத்துக்கு விரோதம். தெரியுமா?" என்றாள்.

"தெரியும். பொலிசைக் கூப்பிடப் போறியோ, அரிசி போடப் போறியோ?"

உள்ளே போய், நத்தாருக்குப் பால்கஞ்சி காய்ச்சும் குட்டை அரிசிப் பைக்கற்றைக் கொண்டுவந்து, ஒரு கோப்பை அளந்து என் மடியில் போட்டாள். போட்டுவிட்டு, "உயிர் தப்பியவன் உன் தம்பிதானே" என்று என் தோளைத் தட்டினாள்.

மற்ற ஆறு வாசலும் எங்கள் மாடிக்கட்டடத்திலேயே. கீழ் வீட்டுக் கிழவர் தன்னிடம் அரிசி இல்லை என்று ஓட்ஸ் போட்டார். ஓட்ஸ் கணக்கில் சேருமா என்று ஒரு கணம் யோசித்தேன். வந்த பிச்சையைத் தட்டக்கூடாது, சேர்த்துக்கொண்டேன். எதிர் வீட்டு மாணவன், துளைபோட்ட பையோடேயே அவிக்கிற அரிசியைத் தந்துவிட்டு, எப்படிச் சமைப்பது என்று எனக்கு விளக்கமும் சொன்னான். மூன்றாம் மாடிச் சோமாலிப் பெண் காரணமே கேட்கவில்லை. இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள், போதும் போதும் என்றாலும் நிறுத்தவில்லை. எப்படியோ ஏழு வாசல் முடிந்தது. என் தலைக்கனமும் ஒரு சுற்று இறங்கியிருந்தது. சும்மா சொல்லக்கூடாது, அப்படிச் சந்தோசமான ஒரு நாளை நான் டென்மார்க்கில் அதற்கு முதல் கண்டதில்லை.

ஆறு விதமான அரிசியும் ஓட்ஸும் போட்ட பொங்கல் எப்படி வரும்? பசை மாதிரி வந்தது. சக்கரையும் பாலும் விட்டுச் சமாளித்தேன். திங்கட்கிழமை விடிய, தூக்குச் சட்டியில் கொண்டுபோனேன். காட்சி மண்டபத்துக்குள் சாப்பாடு கொண்டுபோனால் வேலை போகும். கூட்டாளி படிக்கட்டில் காவல் நின்றாள். கற்பூரம் கொளுத்தினால் தீயணைப்பு வண்டியே வந்துவிடும், ஆகவே அதை விட்டேன். வெள்ளைப் பட்டிக்கு வெளியே சட்டியை வைத்துத் திறந்தேன். ஆவி எழும்பியது. "சொன்னபடி கொண்டுவந்திட்டன்" என்றேன். வேறு மந்திரம் எனக்குத் தெரியவில்லை. காலை வெயில் சன்னலால் வந்து ஆட்டுக் கொம்புகளின் கணுக்களில் பட்டது. அந்தக் கல்லை வெட்டுவித்தவனுக்கும் இப்படித்தான் நெஞ்சு நிறைந்திருக்கும் என்று நினைத்தேன். அவனும் நானும் சொந்தக்காரர் போலத் தோன்றியது.

பிறகு பின்வாசல் படியில் இருந்து இருவரும் அதைச் சாப்பிட்டோம். அவள் தன் பையிலிருந்து கறுவாத்தூளும் ஒரு கட்டி வெண்ணெயும் எடுத்துத் தன் பங்கின் மேல் போட்டாள். தங்கள் கஞ்சிக்கு அதுதான் முறை என்றாள். எனக்கும் போடச் சொன்னேன். நன்றாகத்தான் இருந்தது.

கல் பெட்டியில் ஏறிப் போனது. மேடையைக் கழற்றினார்கள், வெள்ளைப் பட்டியை உரித்தார்கள். பிறகு அந்த மூலையையும் தடி போட்ட துடைப்பத்தாலேயே துடைத்தேன்.

புரட்டாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொலைபேசி அடித்தது. முகாமில் யாரோ ஒருவரின் கைத்தொலைபேசியில் தம்பி.

"அக்கா."

ஐந்து வருடத்துக்குப் பிறகு கேட்ட சொல். எனக்கு வாய் நிற்கவில்லை. "டேய், சாப்பிட்டியோ, காயம் ஏதும் இருக்கோ, கையும் காலும் சரியோ" என்று தொடங்கினேன். அவன் ஒவ்வொன்றுக்கும் "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்றான். அவனைச் சிரிக்க வைக்கவேண்டும் போல இருந்தது. சின்ன வயதில் அவன் அழுதால் நான் ஏதாவது கதை விட்டுத்தான் சிரிக்க வைப்பேன். ஆகவே கல்லின் கதையைச் சொன்னேன். ஐந்து ஆடும் தாடியும், சண்டையிலிருந்து வந்த சகோதரனும், கிழவரின் ஓட்ஸும், படிக்கட்டில் காவல் நின்ற டெனிஷ்காரியும், ஒன்றும் விடவில்லை. "உன்ர பேர், ஊர், நட்சத்திரம் எல்லாம் சொல்லிக் கேட்டனான்ரா. கல்லு உன்னைத் தந்திட்டுது" என்று சொல்லி நானே சிரித்தேன்.

இணைப்புப் போய்விட்டதோ என்று, "ஹலோ, ஹலோ" என்றேன்.

"அக்கா, அந்தக் கல்லிட்ட எனக்கு மட்டுமோ கேட்டனீங்கள்?"

என் கணவர் எதிரில் இருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லியிருக்கலாம். வாய்வீச்சுக்காரிக்கு அன்றைக்கு ஒரு பொய் வரவில்லை.

"ஓம்" என்றேன்.

"இவவும் பிள்ளையும் வைகாசியிலயே போயிட்டினம்" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். "பிள்ளைக்கு நாலு வயசு. உங்கட படத்தைக் காட்டினா மாமி எண்டு சொல்லுவாள். மாமி எப்ப கதைப்பா எண்டு கேட்டுக்கொண்டிருந்தவள்."

அவளுடைய பெயரை நான் அன்றைக்குத்தான் அவனிடம் கேட்டேன்.